ஓடிப்போனவருக்குச் சிலையா?

கேள்வி: மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, டெட்ராய்ட்டில் ஃபோர்ட் ஃபீல்டு அரங்கத்தின் வெளியே பேரி சாண்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் சிலையைப் பார்த்தேன். பந்தோடு அதிக தூரம் ஓடிய சாதனைக்கு இன்னும் 1,457 கெஜம்தான் பாக்கி என்ற நிலையில், உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், 31 வயதில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரம் பார்த்து, ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனுக்குப் போய்விட்டாராம். அணியையும் ரசிகர்களையும் நட்டாற்றில் விட்டவருக்கு எதற்குச் சிலை?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: அவருக்குச் சம்பளமே ஓடுவதற்குத்தான். பத்து வருஷம் ஓடியபோது கை தட்டினார்கள். ஓட்டத்தை நிறுத்திய அன்று "ஓடிப்போய்விட்டான்" என்றார்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

அன்றைக்குச் சாதனை வைத்திருந்த வால்டர் பேட்டன் ஓடிச் சேர்த்தது 16,726 கெஜம். சாண்டர்ஸ் 15,269-ல் நின்றுவிட்டார். நம் வீடுகளில் புடவைக்கு மட்டும் மிஞ்சியிருக்கிற அதே கெஜம்தான். மொத்தமும் சேர்த்தால் 14 கிலோமீட்டர்கூட முழுசாக வராது. ஆட்டோவில் அரை மணி நேரம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க 3,062 முறை பந்தை வாங்கிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் புகுந்திருக்கிறார். கபடியில் பாடிப் போகிறவர் கோட்டைத் தொட்டுத் திரும்பிவிடலாம். ரன்னிங் பேக், அதாவது இவரைப் போலப் பந்தைக் கையில் வாங்கி ஓடுகிறவர், திரும்ப முடியாது. நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோ ஆட்கள் நிற்கிற திசையில் முன்னால்தான் போயாக வேண்டும். பெரும்பாலான ஓட்டங்கள் யாராவது மேலே விழுந்து அமுக்குவதில்தான் முடியும். 5 அடி 8 அங்குல ஆள் இதை 3,062 முறை செய்தார் என்றால், அதில் எத்தனை முறை கீழே விழுந்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 1,457-க்கு வருகிறேன். கழித்துப் பார்த்தவர்கள் நீங்களும் நானும் தொலைக்காட்சிக்காரர்களும்தான். அவர் அப்படிக் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை என்பது 1989-லேயே தெரிந்துவிட்டது. முதல் சீசன், கடைசி ஆட்டம். அந்த ஆண்டு அதிக கெஜம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு, கன்சாஸ் சிட்டி அணியின் கிறிஸ்டியன் ஒக்கோயேவைவிடப் பத்தே கெஜம் குறைவு. ஆட்டம் ஏற்கெனவே கைக்குள். பயிற்சியாளர் வேய்ன் ஃபான்டஸ், உள்ளே போகிறாயா என்று கேட்டார். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் கோச் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு வெளியிலேயே இருந்துவிட்டார். பத்து கெஜம் அவருக்கு இரண்டு ஓட்டம். 21 வயதில் இரண்டு ஓட்டத்துக்கு ஆசைப்படாதவர், 31 வயதில் ஒரு முழு சீசனுக்கு ஆசைப்படவில்லை. இதில் உங்களுக்கு என்ன அதிர்ச்சி?

பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய் டச்டவுன் போட்டால் மற்றவர்கள் ஆடுவார்கள், பந்தைத் தரையில் அடிப்பார்கள். இவர் பந்தை நடுவரிடம் நீட்டிவிட்டு நடந்து வருவார், ஏதோ கடன் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் பதினொரு பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவர். அப்பா வில்லியம் கூரை வேலை செய்பவர். விடுமுறையில் பையன்களும் வெயிலில் கூரை மேல் ஏற வேண்டும். ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆளாக இருந்தார். 1988-ல் அவர் போனதும் வாய்ப்பு வந்தது. பதினோரு ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடினார். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் அந்த வருஷம் அவருக்குத்தான். செய்தி வந்தபோது அணியோடு டோக்கியோவில் இருந்தார். அங்கேயும் 332 கெஜம் ஓடிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

அப்புறம் டெட்ராய்ட். இங்கேதான் உங்கள் "நட்டாறு" வருகிறது. யார் யாரை நட்டாற்றில் விட்டார்கள்? பத்து சீசனில் அந்த அணி நாக்-அவுட்டில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்: 1992 ஜனவரியில் டல்லஸுக்கு எதிராக, 38-6. அடுத்த நாக்-அவுட் வெற்றிக்கு அந்த ஊர் 2024 ஜனவரி வரை காத்திருந்தது. 1994 கடைசி நாளில் கிரீன் பே அணி அவர் ஒருவரை மட்டும் குறிவைத்து ஆடியது. பதின்மூன்று ஓட்டத்தில் அவர் எடுத்தது மைனஸ் ஒரு கெஜம். ஆமாம், மைனஸ். அவருக்காக வழி திறந்துவிட்ட நண்பர் கெவின் குளோவரை அணி 1998-ல் போகவிட்டது. அந்த சீசனில் 16 ஆட்டங்களில் வெற்றி 5. ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே நிர்வாகத்துக்கு இல்லை என்று தோன்றிவிட்டதாகப் பின்னால் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாத 1999-ல் அணி 8 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து நாக்-அவுட்டுக்கும் போனது. நட்டாற்றில் விடப்பட்டவர்கள் நன்றாகவே நீந்தியிருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது "உடம்பில் ஒரு குறையும் இல்லாமல்" என்ற வரிதான். அதை ஒரு குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறீர்கள்! குறை வந்த பிறகு போனால்தான் மரியாதையான ஓய்வா?

1997 டிசம்பர் 21 அன்று நடந்ததைச் சொல்கிறேன். அந்த சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களில் சாண்டர்ஸ் மொத்தமே 53 கெஜம். அடுத்த பதினான்கில் ஒன்றுவிடாமல் நூறைத் தாண்டி, கடைசி ஆட்டத்தில் 2,000-ஐக் கடந்து, 2,053-ல் முடித்தார். அரங்கமே கொண்டாட வேண்டிய நாள். அதே ஆட்டத்தில் அதே அணியின் ரெஜி பிரவுன் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு அசைவில்லாமல் கிடந்தார். மூச்சு நின்றது; மைதானத்திலேயே உயிர் மீட்டார்கள். பிறகு எழுந்து நடந்தார், ஆனால் ஆட்டம் அன்றோடு சரி. அதற்கு ஆறு வருஷம் முன்பு, 1991-ல், இதே அணியின் மைக் அட்லி தரையில் விழுந்ததில் மார்புக்குக் கீழ் செயலிழந்துபோனார். தன் ஓய்வுக்கு இவைதான் காரணம் என்று சாண்டர்ஸ் சொல்லவில்லை. ஆனால் பார்த்தவர் அவர். நாம் பார்த்தது ஸ்கோர்.

ரன்னிங் பேக்குகளில் எர்ல் கேம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே வருகிறவரைச் சுற்றிப் போகாமல் மோதிப் போகிற ரகம். 1980-ல் மட்டும் 1,934 கெஜம். எட்டே சீசன். பின்னாளில் முதுகுத்தண்டு கெட்டுச் சக்கர நாற்காலி, வலி மாத்திரைப் பழக்கம், அதிலிருந்து மீளச் சிகிச்சை.

சாதனையை எட்டியவர் கதையையும் கேளுங்கள். டல்லஸின் எம்மிட் ஸ்மித் 2002 அக்டோபரில் பேட்டனைத் தாண்டினார். 15 சீசன் ஆடி 18,355 கெஜத்தில் முடித்தார். சாண்டர்ஸைவிட 1,347 முறை அதிகமாகப் பந்தைச் சுமந்தார். அது வேறு வகை மன உறுதி, அதற்கும் என் வணக்கம். ஆனால் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி அவருக்கு 4.2, சாண்டர்ஸுக்கு 5.0.

இப்படிப் போனதில் இவர் முதல் ஆளும் அல்ல. ஜிம் பிரவுன் 1966-ல், 30 வயதில், இங்கிலாந்தில் சினிமா படப்பிடிப்பில் இருந்தபடியே ஓய்வை அறிவித்தார். ஒன்பது சீசன், 12,312 கெஜம். அன்றைக்கு அதுதான் சாதனை. சாண்டர்ஸின் அப்பாவுக்கு, மகன் என்ன ஓடினாலும், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் கடைசிவரை ஜிம் பிரவுன்தான். பையன் யாரைப் பார்த்து வளர்ந்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். ஃபேக்ஸ். ஆடுகிற ஆசையைவிட விலகுகிற ஆசை பெரிதாகிவிட்டது என்று அதில் எழுதியது நேர்மையான வரி. ஆனால் முகாமுக்குக் காத்திருந்த பயிற்சியாளர் பாபி ராஸுக்கு நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 1997-ல் ஆறு வருஷ ஒப்பந்தம் போட்டு, கையெழுத்துக்காகவே பெரிய தொகை வாங்கியிருந்தார். அதில் ஆடாத வருஷங்களுக்கானதைத் திருப்பிக் கேட்டு அணி பஞ்சாயத்துக்குப் போனது. திருப்பிக் கொடு என்றுதான் தீர்ப்பும் வந்தது. நியாயமான தீர்ப்பு. கடன் அதோடு தீர்ந்தது. ரசிகர்களுக்குத் தனியாக ஒரு கடன் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அது எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

மற்றபடி, 2023 செப்டம்பரில் அந்தச் சிலையை வைத்தது, அவர் விட்டுவிட்டுப் போனதாக நீங்கள் சொல்கிற அதே டெட்ராய்ட் அணிதான். அவர்களுக்கே இல்லாத கோபம் சேலத்தில் ஏன் என்று தெரியவில்லை. புகார் இருந்தால் அணி அலுவலகத்துக்கே எழுதலாம். ஃபேக்ஸில் அனுப்பினால் பொருத்தமாக இருக்கும்.