கேளுங்கள், சொல்கிறோம்: கிணற்றுக்குள் இருந்த ராக்கெட்டுகள்

கே: கர்நாடகாவில் பாழுங்கிணற்றில் கிடைத்த திப்பு காலத்து ராக்கெட்டுகளைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, அந்தக் கிணற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றீர்கள். ராக்கெட்டுகளைத்தான் எடுத்தாகிவிட்டதே, வெறும் கிணறு எதற்கு?
– வாசகர், ஓசூர்

ப: மியூசியத்தில் பார்த்தால் அந்த ராக்கெட் ஒரு சாண் நீளத் துருப்பிடித்த இரும்புக் குழாய், அவ்வளவுதான். ஷிமோகா மாவட்டத்து நகரா இன்று சின்ன ஊர், ஆனால் பிதனூர் என்ற பெயரில் கேளடி நாயக்கர்களின் தலைநகராக இருந்து, 1763-ல் திப்புவின் தந்தை ஹைதர் அலி கைக்குப் போன இடம். அங்கே 2002-ல் சுமார் 160 ராக்கெட்டுகள் கிடைத்தன, அப்புறம் 2018 ஜூலையில் ஒரு வற்றிய கிணற்றின் மண்ணில் வெடிமருந்து வாடை அடிக்க, தொல்லியல் துறையினர் தோண்டி ஆயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள். இத்தனை ஆயுதம் மலைநாட்டு ஊர் ஒன்றில் குவிந்து கிடந்ததை அந்தக் கிணற்றின் விளிம்பில் நின்று பார்த்தால்தான் மனசில் பதியும். தூர்த்துவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன மிச்சம்?

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியது மைசூர் ராக்கெட்டால்தான் என்பார்கள். அட்டைக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழாய் தாங்கியதால் அவை வெகுதூரம் பாய்ந்தன, 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் இங்கிலாந்துக்கே எடுத்துப்போய் ஆராய்ந்தார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரயில் பாதைக்காக திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை 2017-ல் இடிக்காமல் அப்படியே 100 மீட்டருக்கு மேல் நகர்த்தினார்கள். அவ்வளவு மெனக்கெட முடிந்தவர்களுக்கு ஒரு கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டி, கன்னடத்தில் ஒரு பலகை வைப்பது பெரிய வேலையே இல்லை.

கே: எங்கள் தோட்டத்தில் இப்படி ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது?
– வாசகி, தர்மபுரி

ப: கையே வைக்காதீர்கள், பழைய வெடிமருந்தும் உலர்ந்தால் பற்றிக்கொள்ளும். கழுவவும் வேண்டாம், ஈர மண்ணில் கிடந்த இரும்பு காற்றுப் பட்டதும் வேகமாகத் துருவேறி உதிரும், இரும்பில் ஊறிய உப்பை நீக்குவது தெரிந்தவர்கள் வேலை. ஆட்களை விலக்கிவிட்டு போலீஸிடமும் தாசில்தாரிடமும் சொல்லுங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலென்றால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கிடந்த நிலையிலேயே நாலு போட்டோ எடுத்து வையுங்கள், எந்த ஆழத்தில் எப்படிக் கிடந்தது என்று பின்னால் தொல்லியல் துறையினர் முதலில் கேட்பது அதைத்தான்.