அண்ணி ஏன் வேலையை விட்டார்?

கேள்வி: எனக்கு 47 வயது. டோக்கியோவில் தனியாக இருக்கிறேன். அகிதாவில் 81 வயது அம்மாவுக்கு மறதி நோய். கூடவே இருக்கும் அண்ணன், "நீயும் ஊருக்கு வந்துவிடு" என்கிறார். அவர்தான் மூத்த மகன், வீடும் அவருக்குத்தான். நான் 18 வயதில் கிளம்பிவந்து அமைத்துக்கொண்ட வாழ்க்கை இது. பென்டோ என்ற சோற்றுப் பெட்டிக் கடையில் 11 வருஷம் இருந்த அண்ணியும் போன வருஷம் வேலையை விட்டுவிட்டார், அதனால் ஆளுக்குக் குறைவில்லை. நான் மறுப்பது தவறா?

பதில்: ஊருக்குத் திரும்ப வேண்டாம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு ஆறாதது அண்ணியைப் பற்றிய அந்த ஒரு வரி. மழை விட்டது என்பதுபோல, வேலையை விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டாரா, விட வேண்டிவந்ததா? கேட்டீர்களா? 11 வருஷம் சோற்றுப் பெட்டி கட்டித் தன் கையால் சம்பாதித்தவர். சொந்தக் காலில் நிற்பது உங்களுக்கு மட்டும்தான் இனிக்குமா?

மூத்த மகன் கதையை விடுங்கள். எல்லாம் மூத்தவனுக்கே என்ற பழைய குடும்பச் சட்டத்தை 1947-லேயே எடுத்துவிட்டார்கள். இன்று பிள்ளைகளுக்குச் சம பங்கு. பெற்றோரைத் தாங்கும் கடமையையும் சிவில் சட்டம் 877-வது பிரிவு பெற்ற பிள்ளைகள்மேல்தான் முதலில் வைக்கிறது. மருமகள் வாரிசுகூட இல்லை. பாடுபட்ட மருமகள் வாரிசுகளிடம் பணம் கேட்கலாம் என்ற சட்டம் 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

நானும் மூத்த மருமகள்தான். மாமியாரை 6 வருஷம் பார்த்தேன். முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்கு நாத்தனார்கள் வருவார்கள். தர்பூசணி சாப்பிட்டுவிட்டு, "அம்மா இளைத்துவிட்டாளே" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாலை ரயிலுக்குக் கிளம்புவார்கள். பாயில் சிந்திய விதைகளை நான் பொறுக்குவேன். நீங்கள் அந்த நாத்தனாராக இருக்கக் கூடாது.

சரி, உங்கள் அலுவலகத்தில் பராமரிப்பு விடுப்பு கேளுங்கள். மொத்தம் 93 நாள், 3 தவணையாக எடுக்கலாம். வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் 67 சதவீதம் வரும். முதல் தவணையில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காதீர்கள், ஏற்பாடுகளைச் செய்யுங்கள். பராமரிப்புத் திட்டம் போட்டுத் தரும் கேர் மேனேஜரை நீங்களே பாருங்கள். பகலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் டே சர்வீஸுக்கு வாரத்தில் எத்தனை நாள் அனுப்பலாம் என்று பேசி முடியுங்கள். 40 வயதிலிருந்து உங்கள் சம்பளத்திலும் பிடிக்கிற பராமரிப்புக் காப்பீடு இதற்குத்தானே?

அதற்கு முன்னால், இன்று இரவே போன் போடுங்கள். அண்ணனுக்கு அப்புறம் பேசலாம், முதலில் அண்ணியிடம் பேசுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று தொடங்காதீர்கள். அந்தக் கடையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.