சொந்தக்காரர் என்றால் காணுமா சேர்?

வணக்கம் அண்ணா,

மல்லாவிப் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை, தூதுவர்களை ஜனாதிபதி நியமிப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப ஜனாதிபதியின்ர சொந்தக்காரர் எண்டா காணுமா சேர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. வெளிநாட்டுச் சேவையில் இல்லாதவர்களை அனுப்புவதே பிழையா? அதே பிள்ளை பிறகு தனியாக வந்து, தான் தூதுவராக என்ன வழி என்றும் கேட்டாள்.

(வாசகர், முல்லைத்தீவு மாவட்டம்)

அன்புள்ள தம்பி,

அந்தப் பிள்ளைக்கு என் கணக்கில் ஒரு ரொபி வாங்கிக் கொடுங்கள். காணும் என்றுதான் பல தடவை ஆகியிருக்கிறது. 2008 முதல் 2014 வரை வொஷிங்டனில் எங்கள் தூதுவராக இருந்த ஜாலிய விக்கிரமசூரிய, அப்போதைய ஜனாதிபதியின் உறவினர். தூதரகத்துக்குக் கட்டடம் வாங்கியபோது 3 இலட்சத்து 30 ஆயிரம் டொலருக்கு மேல் திசைதிருப்பிய வழக்கில், 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இது எங்கள் நாட்டு நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1957இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் இலங்கைக்குத் தூதுவராக அனுப்பிய மெக்ஸ்வெல் குளக், பெண்களுக்கான உடுப்புக் கடைகளை வரிசையாக நடத்தியவர். குடியரசுக் கட்சிக்கு 20 ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்திருந்தார். அமெரிக்காவில் தூதுவர் நியமனத்துக்கு அவர்களின் மேலவையான செனற்றின் சம்மதம் வேண்டும். அங்கே செனற்றர் ஃபுல்பிரைட், இலங்கையின் பிரதமர் யார் என்று கேட்டார். பண்டாரநாயக்கவின் பெயர் குளக்குக்கு வாயில் வரவில்லை. அப்புறம் என்ன, ஆள் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்! கேள்வி கேட்க ஆள் இருந்தும் நிலைமை இதுதான்.

அதற்காக வெளியாள் எல்லோரும் குளக் இல்லை. சிறுவயதில் சினிமா நட்சத்திரமாக இருந்த ஷெர்லி ரெம்பிள், கானாவிலும் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவிலும் நல்ல தூதுவர் என்று பெயர் வாங்கினார். தெரிந்த பேராசிரியரையோ, பழுத்த அரசியல்வாதியையோ அனுப்புவதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த ஆளுக்கு அந்த நாட்டில் வேலை இருக்கிறதா, இல்லை உள்ளூரில் செய்த வேலைக்குக் கூலியா என்று மட்டும் பார்ப்பேன்.

எங்களிடம் அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை அதிகாரத்தை ஜனாதிபதியிடம் கொடுக்கிறது. பாராளுமன்றத்தின் உயர் பதவிகள் பற்றிய குழு பெயர்களைப் பார்க்கும். பெரும்பாலும் தலையாட்டும். 2024 கடைசியில் புதிய அரசு அரசியல் நியமனக்காரர் பலரைத் திருப்பி அழைத்ததே, முன்பு எத்தனை பேர் இந்த வாசலால் போனார்கள் என்பதைக் காட்டியது.

உண்மையான வாசற்காவல் போகிற இடத்தில்தான் இருக்கிறது. 1961இன் வியன்னா உடன்படிக்கைப்படி, தூதுவரின் பெயரை முதலில் அந்த நாட்டுக்கு அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால் இந்தச் சம்மதம் தூதரகத்தின் தலைவருக்கு மட்டும். அவருக்குக் கீழே இருப்பவர்களை அனுப்புகிற நாடு பொதுவாகத் தன் விருப்பப்படி நியமிக்கலாம்.

வன்னியில் இருந்து படிக்கிறவர்கள் இந்த ஓட்டையை மறக்கக் கூடாது. 2009 தையில் கிளிநொச்சிக்குள் வந்த படைகளில் 57ஆவது படைப்பிரிவின் தளபதி ஜகத் டயஸ், அதே ஆண்டே பேர்லினில் துணைத் தூதுவர். 58ஆவது படைப்பிரிவின் தளபதி ஷவேந்திர சில்வா, 2010இல் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான துணை நிரந்தரப் பிரதிநிதி. ஐ.நா.வுக்குப் போகிறவருக்கு எந்த நாட்டின் சம்மதமும் வேண்டியதில்லை. இரண்டும் 'துணை' என்ற சொல்லுக்குள் நடந்தவை. தறப்பாளுக்குள் இருந்த சனத்துக்கு இந்தச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும்! டயஸ் பேர்லினில் இருந்தே சுவிட்சர்லாந்துக்கும் பொறுப்பாக இருந்தவர். அங்கே மனித உரிமை அமைப்புகள் போர்க்குற்றம் என்று முறையிட்ட பிறகு, 2011இல் அவர் திரும்பினார். சொந்தக்காரரை அனுப்புவதை ஊழல் என்று எல்லோரும் ஏசுகிறார்கள். இதை ஏசியவர்கள் தெற்கில் குறைவு.

எங்கள் பிள்ளைகள் கண்ட தூதுவர் யார்? கண்ணிவெடி அகற்றும் காணியைப் பார்க்க வாகனத் தொடரில் வந்து, அரை மணித்தியாலம் நின்று, படம் எடுத்துக்கொண்டு போகிறவர். அந்த வாகனத்துக்குள் தானும் இருக்கலாம் என்று ஒருத்திக்குத் தோன்றியிருப்பது எனக்குச் சந்தோசம்.

அவளுக்கு வழி: முதலில் ஒரு பட்டம். பிறகு இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான திறந்த போட்டிப் பரீட்சை. 1949இல் தொடங்கிய சேவை அது. எடுப்பது கொஞ்சப் பேரைத்தான். உள்ளே போனதும் யாரும் தூதுவர் ஆகிவிடுவதில்லை. மூன்றாம் செயலாளராகத் தொடங்கிப் பல வருடம் ஏற வேண்டும். கடைசிப் படியில் அவளுக்கு முன்னால் ஒரு மச்சான் போய் உட்காரக்கூடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆங்கிலம் இப்போதே தொடங்கட்டும். அரசாங்க வர்த்தமானியில் பரீட்சை அறிவித்தல் வரும்போது வாசித்துப் பார்க்கப் பழக்கிவிடுங்கள். எங்கள் பக்கம் பலருக்கு அது முடிவு திகதிக்குப் பிறகுதான் தெரியவருகிறது.