கண்ணுக்குத் தெரியாத கதிருக்குக் குறி வைப்பது எப்படி?

கேள்வி: கண்புரை அறுவை முடிந்து இரண்டு வருடத்தில் பார்வை மறுபடி மங்குகிறது. யாக் லேசர் செய்யச் சொல்கிறார்கள். உள்ளே வைத்த லென்ஸில் கதிர் பட்டுவிடாதா, டாக்டர்?
– வாசகி, தேனி

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. பயிற்சிக் காலத்தில் ஒருவரின் லென்ஸில் நானே சிறு புள்ளி விழ வைத்துவிட்டேன். அவர் பார்வை கெடவில்லை; ஆனாலும் அந்தப் புள்ளி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அறுவைக்குப் பின் லென்ஸைத் தாங்கும் சவ்வு மங்கினால், அதில் திறப்பு உண்டாக்குவதே யாக் லேசர். அதன் கதிரின் அலைநீளம் 1064 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு சிவப்பு ஒளிப்புள்ளிகளைத் துணைக்கு அனுப்புகிறோம். கருவியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது இரண்டும் ஒன்றாகும் இடமே குறி. மங்கிய சவ்வோ லென்ஸின் முதுகை ஒட்டியே இருக்கும். ஆகவே லேசர் குவியும் இடத்தை மட்டும் சிவப்புப் புள்ளிக்கு 100 முதல் 250 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்னே தள்ளி வைப்போம். கதிர் குவியும்போது உண்டாகும் நுண்ணிய வெடிப்பு சவ்வுக்குப் பின்னால் நிகழும். அதன் அதிர்வே சவ்வைக் கிழித்துவிடும்.

மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்மேல் ஒரு சிறு லென்ஸ் வைப்போம். பலருக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் கதிர்க் கூம்பை அகலமாக்கி, குவியும் புள்ளியைச் சிறிதாக்குவது அதுதான். அதனால் 1, 2 மில்லிஜூல் என்ற சிறு ஆற்றலிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அந்தக் கண்மேல் லென்ஸை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நெற்றியை மட்டும் கருவியின் நெற்றிப் பட்டையிலிருந்து எடுக்காமல் இருங்கள்.