முதல் பேஸ் கிட்டார் வாங்கும்போது நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: ஆறு தந்திக் கிட்டாரில் ஓரளவு வாசிப்பீர்கள்; தூத்துக்குடியில் உங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆளில்லாததால் அந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது; 'பிரெசிஷன்' வகையா 'ஜாஸ்' வகையா, நான்கு தந்தியா ஐந்து தந்தியா என்பதில் குழப்பம்; இதற்கிடையே தெரிந்தவர் ஒருவர் தம்முடைய பழைய ஐந்து தந்திக் கருவியை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். மேடைகளிலும் ஆலயங்களிலும் நெடுநாளாக பேஸ் வாசித்து வருகிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு தந்திகள் கொண்ட, பேட்டரி தேவைப்படாத, எளிய கருவி ஒன்றை வாங்குங்கள்; அதைக் காதை நம்பி வாங்காமல், இடது கையையும் தோளையும் நம்பி வாங்குங்கள்.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது நீங்கள் கேட்பது பெரும்பாலும் புதுத் தந்திகளின் கணீரென்ற ஒலியும், அங்கே இணைத்திருக்கும் ஆம்பின் குணமும்தான். உப்புக் காற்று வீசும் ஊரில் அந்தக் கணீர் சில வாரங்களில் மங்கிவிடும். ஆம்ப் கடையிலேயே நின்றுவிடும். உங்களோடு வீட்டுக்கு வருபவை நெக்கின் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதியின்) அகலமும், பாடியின் எடையும், தோளில் மாட்டினால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் மட்டுமே. ஆகவே கடைக்காரரிடம் ஒரு ஸ்டிராப் கேட்டு வாங்கி, பதினைந்து நிமிடமாவது நின்றுகொண்டே வாசித்துப் பாருங்கள். வலது கையை எடுத்துவிட்டாலும் கருவி நிலையாக நிற்க வேண்டும். தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தால் உங்கள் இடது கை வாசிப்பதோடு அதைத் தாங்கும் வேலையையும் ஆராதனை முடியும்வரை செய்துகொண்டிருக்கும். எடை 4 கிலோவுக்கு அருகில் இருப்பது நல்லது. 5 கிலோவைத் தொடும் கருவிகளும் உண்டு, முதல் பாடலில் அவை பாரமாகத் தெரியாது.

பிரெசிஷன், ஜாஸ் இரண்டும் லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய அமைப்புகள். இன்று உலகில் விற்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றின் வழிவந்தவை. சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வைத்த மின் பேஸ் ஒன்றைச் செய்திருந்தாலும் அது பரவவில்லை; ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களைத் தோளில் மாட்டும் கருவிக்கு மாற வைத்தது 1951இல் வந்த பிரெசிஷன்தான். அதன் 34 அங்குலத் தந்தி நீளமே இன்றுவரை வழக்கமான அளவாக இருக்கிறது. 1957இல் அதன் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகத்தை) இரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் இரண்டிரண்டு தந்திகளைக் கேட்கும்படி வைத்தார்கள். இரு துண்டுகளும் எதிரெதிராக அமைந்திருப்பதால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனி பிக்கப்புகள். இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தாலோ ரீங்காரம் எட்டிப் பார்க்கும். அந்த இரண்டையும் ஏற்றி இறக்கித்தான் ஜாஸ் பேஸின் பல வண்ணங்களைப் பெற முடியும் என்பது இதில் உள்ள சங்கடம். நம் ஊர் ஆலயங்களிலும் மண்டபங்களிலும் எர்த்திங் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதோடு டியூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் சேர்ந்துகொள்ளும். எனவே உங்கள் தேவைக்குப் பிரெசிஷன் வகைப் பிக்கப்பையே பரிந்துரைக்கிறேன்.

நெக் விஷயத்தில் மட்டும் ஜாஸுக்கு ஒரு சாதகம் உண்டு. தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து செல்லும் நட் என்ற துண்டு இருக்கும் இடத்தில் அதன் அகலம் சுமார் 38 மி.மீ.; பிரெசிஷனில் 41, 42 மி.மீ. வரும். கேட்பதற்கு அற்ப வித்தியாசமாகத் தோன்றும், ஆனால் விரல் குட்டையானவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். பிரெசிஷன் பிக்கப்பும் ஜாஸ் பிக்கப்பும் சேர்ந்திருக்கும் கருவிகளும் குறைந்த விலையில் கிடைக்கின்றன; யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174 அப்படிப்பட்டது. ஃபெண்டரின் மலிவுப் பெயரான ஸ்குவையர், மெல்லிய நெக்குக்குப் பெயர்போன ஐபனெஸ் ஆகியவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டையும் எடுத்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் இந்த விலையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஃபிரெட் வேலைப்பாடு மாறும். கை மிகச் சிறியதென்றால் 30 அங்குலத் தந்தி நீளமுள்ள கருவிகளை ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றைச் சிறுவர் கருவி என்று சொல்பவர்களுக்கு, பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் அந்த அளவுதான் என்று சொல்லிவிட்டு நீங்கள் வாசிக்கப் போகலாம்.

இனி ஐந்தாவது தந்தி. நான்கு தந்தி பேஸ், கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஓர் ஆக்டேவ் கீழே ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படுகிறது. அதன் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் அதற்கும் கீழே 31 ஹெர்ட்ஸில் பி தந்தி வரும். டி, ஈ ஃபிளாட், சி ஆகிய ஸ்கேல்களில் பாடல்கள் நிறைய வரும் ஆலய இசையில் அதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கீழ் ஸ்வரங்கள் மட்டுமல்ல, கையை நகர்த்தாமல் ஐந்தாவது ஃபிரெட் பகுதியிலேயே பல ஸ்கேல்களை வாசிக்கலாம் என்பது அதன் உண்மையான பலன். ஆனாலும் தொடங்குகிறவருக்கு அது சுமைதான். நெக் அகலமாகிறது, நீங்கள் தொடாத பி தந்தி மற்றத் தந்திகளின் அதிர்வில் தானாக முனகும், அதை வலது கைக் கட்டைவிரலால் எப்போதும் அடக்கி வைத்திருக்க வேண்டும், விலை குறைந்த 34 அங்குலக் கருவிகளில் அந்தத் தந்தி தொளதொளவென்று இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு, ஆலயத்தின் ஸ்பீக்கர் பெட்டி 31 ஹெர்ட்ஸை எட்டுமா என்றால் பெரும்பாலும் எட்டாது. நீங்கள் கேட்பது அதன் மேல் ஒலிகளை மட்டுமே. டி ஸ்கேல் பாடல்களுக்கு ஈ தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி ஆக்கிக்கொண்டால் போதும். நான்கு தந்தியில் கை படிந்த பிறகும் ஐந்தாவது தேவை என்று தோன்றினால் அப்போது வாங்கலாம்.

கையிருக்கும் பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிடாதீர்கள்; நான்கில் ஒரு பங்கையாவது ஆம்புக்கும், நல்ல கேபிளுக்கும், செட்டப்புக்கும் ஒதுக்குங்கள். செட்டப் என்று நான் சொல்வது, விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நெக்கின் வளைவையும், தந்தியின் உயரத்தையும், தந்திகள் பாடியில் முடியும் பிரிட்ஜில் சுருதியையும் சரிசெய்து வாங்குவது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் தந்தி சுமார் 0.3 மி.மீ. இடைவெளி விட்டு நிற்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் இரண்டு, இரண்டரை மி.மீ. இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். மலிவான கருவி வலிக்கிறது என்று வாசிப்பதையே விட்டவர்கள் பலருடைய கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை கெட்ட கருவிகள் அல்ல, செட்டப் செய்யப்படாத கருவிகள்.

வீட்டுப் பயிற்சிக்கு 20, 30 வாட் பேஸ் ஆம்ப் போதும், ஹெட்ஃபோன் மட்டும் இருந்தாலும் போதும். கிட்டார் ஆம்பில் சத்தத்தைக் குறைத்து வாசிக்கலாம், கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழியும். டிரம்ஸுடன் வாசிக்க வேண்டுமென்றால் 100 வாட்டுக்கு மேல் தேவைப்படும், ஏனெனில் தாழ்ந்த ஒலிகளை நம் காது மந்தமாகத்தான் கேட்கிறது. ஆலயத்திலோ ஒரு டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சைகையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக நேரே மிக்ஸருக்குப் போவது சுலபம். இதோடு, வெளியே யாரும் சொல்லாத ஒன்று: உங்கள் கீபோர்டு வாசிப்பவரிடம் பேசிவிடுங்கள். பேஸ் ஆளில்லாத குழுக்களில் அவருடைய இடது கை அந்த வேலையைச் செய்து பழகியிருக்கும். ஆட்டோ ரிதம் போடுகிறவராக இருந்தால் அதற்குள்ளேயே ஒரு பேஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்காமல் நீங்கள் என்ன கருவி வாங்கினாலும் இரண்டு பேஸ்கள் மோதிக்கொண்டு குழம்பிய ஒலிதான் கூடத்தில் கேட்கும்.

கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு இடது கையில் ஒரு தொல்லை காத்திருக்கிறது. முதல் ஃபிரெட்டுக்கும் நான்காவது ஃபிரெட்டுக்கும் இடையே உள்ள தூரம் கிட்டாரில் ஏறக்குறைய 10 செ.மீ., 34 அங்குல பேஸில் 13 செ.மீ. கிட்டாரில் செய்தது போல ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று இங்கே நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டலின் காலத்திலிருந்து கையாளும் முறை இதற்கு உதவும்: ஆள்காட்டி விரல் ஓர் இடம், நடுவிரல் அடுத்த இடம், மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து மூன்றாவது இடம், நான்காவது ஃபிரெட் வேண்டுமென்றால் விரல்களை நீட்டாமல் கையையே நகர்த்துவது. ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் பழைய பழக்கத்துக்குத் திரும்பலாம். விரலை ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தம் போதும்.

வலது கையில் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டுவதே பொது வழக்கம். ஆனால் இதில் மதவெறி தேவையில்லை: லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் எண்ணற்ற பதிவுகளில் வாசித்த கேரல் கே பிக் பிடித்து வாசித்தார், டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். விரலைவிட முக்கியமானது, ஒரு ஸ்வரம் எங்கே முடிகிறது என்பது. கிட்டார்க்காரர்கள் ஸ்வரம் தொடங்கும் இடத்தைக் கவனிப்பார்கள், முடியும் இடத்தைத் தந்தியிடமே விட்டுவிடுவார்கள். பேஸில் இடது கை விரலை லேசாகத் தளர்த்தி ஒலியை நிறுத்துவதும் வாசிப்பில் சேர்த்தி. கிக் டிரம் விழும்போது தொடங்கி ஸ்னேர் விழும்போது நிறுத்திப் பாருங்கள், அதே மூன்று ஸ்வரங்களில் பாடல் நிமிர்ந்து உட்காரும். பாடல்களைக் கேட்டுக் கற்கும்போது கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பேஸ் வராது. ஹெட்ஃபோனில் இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைக் கேட்டால், பேஸ் கார்டின் அடி ஸ்வரத்தோடு நின்றுவிடாமல் பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடப்பது தெரியும், ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பில், ஸ்வரங்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். கருவியைத் தொடுமுன் அந்த வரியை வாயால் பாடிப் பழகுவது என் வழக்கம்.

பராமரிப்பில் உங்கள் ஊருக்கு முதல் எதிரி துரு. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வையுங்கள். வரிவரியாகச் சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள் வியர்வையையும் உப்பையும் தங்கள் இடுக்குகளில் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திகளில் அந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதலானாலும் ஆண்டுக்கணக்கில் வரும், ஆலயப் பாடல்களுக்கு அவற்றின் உருண்ட ஒலி நன்றாகவே பொருந்தும். ஜேமர்சன் தம்முடைய 1962 பிரெசிஷனில் ஃபிளாட்வவுண்ட் தந்திகளை அறுந்தால் ஒழிய மாற்றவில்லை என்பார்கள். பழைய ரவுண்ட்வவுண்ட் தந்திகளை வெந்நீரில் கொதிக்க வைத்தால் அழுக்கு நீங்கிச் சில நாள் மினுங்கும், பிறகு முன்பைவிட வேகமாகச் செத்துவிடும்.

தினமும் வாசித்து முடித்ததும் தந்திகளைத் தளர்த்தி வைக்கச் சொல்லும் பெரியவர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். கேட்காதீர்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுக்கின்றன. அதற்கு எதிராக நெக்கின் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் தினமும் விட்டுவிட்டால் நெக் நிலைகொள்ளாது. கோடைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையே மரம் ஈரம் குடித்து அசைவது இயல்பு. தந்தி உயர்ந்தாலோ ஃபிரெட்டில் உரசி இரைந்தாலோ டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், திருப்பியபின் மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் பின்னாளில் வாங்கினால், கேபிளைச் செருகியே வைத்திருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆராதனையின் நடுவே ஒலி கரகரத்து மங்குவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

அந்தப் பழைய ஐந்து தந்திக் கருவியை வேண்டாம் என்று பார்க்காமலே சொல்ல மாட்டேன். ஒரு ஆலன் கீயோடு (டிரஸ் ராடைத் திருப்பும் அறுகோணச் சாவி) போய், உரிமையாளரின் அனுமதியோடு டிரஸ் ராட் இரு பக்கமும் சிறிது திரும்புகிறதா என்று பாருங்கள். முழுதாக இறுகிய பிறகும் நெக் வளைந்தே இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நெக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு முனையிலிருந்து பார்த்தால் முறுக்கு இருப்பது தெரிந்துவிடும், அதற்கு வைத்தியம் இல்லை. எல்லாத் தந்தியிலும் எல்லா ஃபிரெட்டையும் வாசியுங்கள். முதல் ஐந்து ஃபிரெட்களில் பள்ளம் விழுந்திருந்தால் அதன் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஜாக்கும் வால்யூம் குமிழும் கரகரப்பது சின்னச் சாலிடரிங் வேலை, அதற்காகப் பயப்பட வேண்டாம். இவ்வளவிலும் தேறிவிட்டது, விலை புதிய நான்கு தந்தியில் பாதிக்கும் குறைவு என்றால் வாங்கி, பி தந்தியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு தந்தியாகவே முதல் ஆண்டை ஓட்டுங்கள்.