தெருமுனையில் தாய்லாந்து உணவகம்: கேள்வி பதில்

பாங்காக்கின் சீலோம் பகுதியில் ஆறு வருடம் குடியிருந்தவன் நான். வீட்டுக்குப் பக்கத்தில் தாய்லாந்து உணவகம் திறந்திருக்கிறது, ராத்திரி சாப்பாட்டுக்குப் போனால் என்ன சொல்லலாம் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

நாங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு தட்டு சொல்லிவிடலாமா?

நூடுல்ஸ் என்றால் சரி. சோறு என்றால் வேண்டாம். ஒரு குழம்பு, ஒரு சூப், ஒரு வதக்கல், ஒரு பப்பாளிக்காய் சாலட் என்று சொல்லி எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். அவரவர் தட்டில் வெறும் சோறு. காரம் ஏறினால் புளிப்பு, புளிப்பு மிஞ்சினால் தேங்காய்ப்பால் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில்தான் ருசியே. சூப்பை முதலிலேயே குடித்து முடித்துவிடாதீர்கள், அதுவும் சோற்றுக்குத் துணைதான்.

பச்சைக் குழம்பு காரம் கம்மிதானே? குழந்தைக்கு வாங்கலாமா?

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பச்சை மிளகாயை அரைத்துத்தான் அந்த நிறமே வருகிறது. குழந்தைக்கு மஸமான் வாங்குங்கள். உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பட்டை, ஏலக்காய் எல்லாம் போட்டது, நம் குருமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை என்றால் மட்டும் தொடாதீர்கள்.

அம்மா சுத்த சைவம். ‘வெஜ்’ என்று போட்டிருப்பதை நம்பலாமா?

கேட்காமல் நம்பாதீர்கள். நமக்கு உப்பு மாதிரி அவர்களுக்கு மீன் சாஸ். அதை விடச் சொன்னாலும் போதாது. குழம்பு விழுதிலேயே இறால் அரைத்திருப்பார்கள், வதக்கலில் சிப்பி சாஸ் விழும். விழுது தனியாக அரைத்ததா என்று சமையல்காரரிடமே கேளுங்கள். தாய்லாந்தில் இதற்கு ‘ஜே’ என்று ஒரு சொல் உண்டு: மாமிசம், மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும் ஜே திருவிழாவில் கடைகள் மஞ்சள் கொடி கட்டும். சீலோம் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்தக் கொடியைத் தேடி நடப்பேன். உங்கள் கடையில் ‘ஜே’ என்று சொல்லிப் பாருங்கள், சமையல்காரர் தாய்லாந்துக்காரர் என்றால் உடனே புரியும். பப்பாளிக்காய் சாலட்டைக் கேட்ட பிறகே இடிப்பார்கள், அதனால் காய்ந்த இறாலையும் மீன் சாஸையும் விடச் சொல்வது சுலபம். உரல் அதேதான். அது அம்மாவுக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

டாம் யம் சூப்பில் குச்சி கிடந்தது. கடித்துப் பல்லே வலிக்கிறது!

எலுமிச்சைப் புல் தண்டாக இருக்கும். வட்டமாக நறுக்கிக் கிடந்தால் பேரரத்தை, நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கேதான். வாசனைக்குப் போட்டவை, கறிவேப்பிலையைப் போல ஒதுக்கிவிடுங்கள்.

சாப்ஸ்டிக் தரவில்லையே?

சோற்றுக்குத் தர மாட்டார்கள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஃபோர்க் தள்ளிவிடத்தான், வாய்க்குப் போவது ஸ்பூன்.

நல்ல கடையா என்று எதை வைத்துச் சொல்வது?

பட் கப்ராவ் கேளுங்கள். கொத்திய கறி, பூண்டு, மிளகாய், மேலே ஒரு பொரித்த முட்டை. கப்ராவ் என்பது நம் துளசியேதான். கோழியோடு துளசியா என்று முகம் சுளிக்காதீர்கள், தட்டு மேசைக்கு வரும்போதே பெருமாள் கோயில் வாசம் வர வேண்டும். போன மாதம் ஒரு கடையில் குடைமிளகாயும் பேபிகார்னுமாகக் கொண்டுவந்து வைத்தார்கள், துளசி ஒரு இலை இல்லை. அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் சொல்லலாமா?

சித்திரை, வைகாசியில் தாராளமாக. மற்ற மாதங்களில் பில்லைச் சொல்லிவிடுங்கள்.