மினியேச்சர் வார்கேம் மேசைக்குக் கட்டிடங்களையும் மலைகளையும் எப்படித் தெரிவு செய்வது?

மேசையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடும் இந்த விளையாட்டில் 28 மில்லிமீட்டர் சிப்பாய்களுக்கு எந்த அளவுக் கட்டிடம் பொருந்தும், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்குவதா ரெசின் (அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மாதிரிப் பொருள்) வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம். தம்பியோடும் இரண்டு கூட்டாளிகளோடும் சில வருஷமாக 6 அடிக்கு 4 அடி மேசையில் விளையாடி வருகிறேன். காசை வீணாக்கிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் வாங்கியது ரயில் மொடல் செய்பவர்களுக்கான ஒரு வீடு. பெட்டியில் 1/87 என்று போட்டிருந்தது, அதாவது நிஜ அளவில் 87இல் ஒரு பங்கு. படம் அவ்வளவு அழகு. ஒட்டி முடித்து வாசலில் ஒரு சிப்பாயை நிறுத்தினால் கதவு அவன் நெஞ்சுக்குத்தான் வந்தது. "அண்ணே, இவங்க தவழ்ந்துதான் உள்ள போகணுமா?" என்று தம்பி கேட்டான். கணக்கு சுலபம்: 2 மீட்டர் கதவு 1/87 இல் 23 மில்லிமீட்டர். 28 மில்லிமீட்டர் சிப்பாய் என்றால் பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரைக்கும் 28. தொப்பியும் காலடியில் ஒட்டிய அடித்தட்டும் சேர்ந்தால் 33ஐத் தொட்டுவிடும். இந்தச் சிப்பாய்களை 1/56 இலிருந்து 1/60 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் உள்ள எண்ணை விட்டுவிட்டுக் கதவின் உயரத்தைக் கேளுங்கள். 38 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. விற்பவர்கள் நீள அகலத்தைப் போடுவார்கள், கதவின் உயரத்தைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். எழுதிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கதவு சரியாக இருந்தால் போதுமா? அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. எங்கள் லயத்தையே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) மேசையில் வைக்க ஆசைப்பட்டு, அளவெடுத்து, எல்லாவற்றையும் அச்சொட்டாக 1/60க்குச் சுருக்கினேன். 10 அடிக்கு 12 அடி காம்பரா, அதாவது ஓர் அறை, 5 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் ஆகிறது. பத்துக் காம்பரா வரிசையாக வந்தால் 51 சென்டிமீட்டர், மேசையின் நீளத்தில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. கூரையைக் கழற்றி உள்ளே ஆட்களை வைக்கப் பார்த்தால், 25 மில்லிமீட்டர் அடித்தட்டோடு நாலு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், என் விரல் நுழைய இடமில்லை. (அந்த அளவு அறையில்தான் அப்பாவின் குடும்பத்தில் ஏழு பேர் வளர்ந்தார்கள். அது வேறு கதை.)

யோசித்துப் பார்த்தால் மேசையே பொய்தான். 6 அடி மேசை 1/60 இல் வெறும் 110 மீட்டர். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குண்டே மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடும். அதனால் விளையாட்டு விதிகள் தூரத்தைச் சுருக்கி வைத்திருக்கின்றன. தூரம் சுருங்கினால் கட்டிடத்தின் நீள அகலமும் சுருங்கத்தான் வேண்டும். உயரத்தையும் கதவையும் ஆளுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டு நீளத்தை வெட்டுங்கள். இப்போது என் லயத்தில் நாலே காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை). பார்ப்பவர் எவரும் இது லயம் இல்லை என்று சொன்னதில்லை. உள்ளே சண்டை போட வேண்டுமென்றால் காம்பராவைக் கொஞ்சம் அகலமாக்கி, கூரையைக் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எம்டிஎஃப்பா ரெசினா. ரெசினில் கல்லும் கூரை ஓடும் நேர்த்தியாக வரும். ஆனால் பாரம், விழுந்தால் மூலை உடையும், வெளிநாட்டிலிருந்து எடுத்தால் தபால் செலவு பொருளின் விலையோடு போட்டி போடும். எம்டிஎஃப் மலிவு, தட்டையாகப் பொதியில் வரும், ஒரு மாலையில் ஒட்டிவிடலாம். ஆனால் சுவர் வழவழவென்று இருக்கும், மூலைகளில் பல்லுப் பல்லாக வெட்டு தெரியும். பைண்டர் கம்மில் (வெள்ளைப் பசை) கொஞ்சம் மணல் கலந்து பூசினால் அது மறையும். மலைநாட்டில் இன்னொரு தொல்லை ஈரம். மழையும் பனிமூட்டமுமாக இரண்டு கிழமை போனால் பூசாத எம்டிஎஃப் விளிம்பில் உப்பிவிடும். ஒட்டுவதற்கு முன்பே எல்லா விளிம்புக்கும் வார்னிஷ் அடியுங்கள். என்னைக் கேட்டால் முதலில் எம்டிஎஃப் வீடு மூன்று, பிறகு நடுவில் வைக்க ஆசைக்கு ஒரு ரெசின்.

தகரக் கூரைக்கு ஒரு வழி சொல்கிறேன். பெட்டி மட்டையின் நெளிவை உரித்து ஒட்டச் சொல்வார்கள். நமது சிப்பாய்க்கு அந்த நெளிவு ரொம்பப் பெரிது. உண்மையான தகரத்தில் நெளிவுக்கு நெளிவு 76 மில்லிமீட்டர், 1/60 இல் அது 1.27. ஹார்ட்வெயார் கடையில் 8 மில்லிமீட்டர் மரைக் கம்பி கேளுங்கள். அதன் சாதாரண மரை இடைவெளி 1.25, எங்கள் கூரைக்கென்றே செய்த மாதிரி. சாப்பாடு வரும் அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தை வெட்டி, பழைய ரப்பர் விரிப்பில் வைத்து, கம்பியை அழுத்தி உருட்டினால் நெளிவு வரிவரியாக விழும். மரை சுழன்று போவதால் வரிகள் இலேசாகச் சாய்ந்துதான் வரும். அந்த வரியைப் பார்த்துத் துண்டு வெட்டுங்கள், கம்பியைப் பார்த்து வெட்டாதீர்கள்.

மலைக்கு நான் ரிஜிபோமையே (பொருள் உடையாமல் பெட்டிக்குள் வைக்கும் வெள்ளை நுரை) பாவிக்கிறேன். முதல் மலைக்கு நேராக ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். கண்முன்னே குழி குழியாகக் கரைந்து போனது. பைண்டர் கம் பூசிக் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையும் பெயின்ட்டைத் தூரிகையால் அடியுங்கள். சரிவான மலை அழகு, ஆனால் சிப்பாய் வழுக்கி விழுவான். படிப்படியான மலை நிற்கும், ஆனால் ஜன்னலைத் திறந்தாலே நிஜ மலையைப் பார்க்கிறவனுக்கு அது கேக் மாதிரித் தெரியும். நான் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைத் துண்டு துண்டாக வெட்டித் தேயிலை நிரையாக ஒட்டிவிட்டேன், தலையைத் தட்டையாக வெட்டி. படி மறைந்துபோனது. நிற்க 4 சென்டிமீட்டர் அகலம் மட்டும் விட்டுவையுங்கள்.

மரம் வாங்கவே வேண்டாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் (கத்தரிக்கும்) காலத்தில் தோட்டத்தில் கிடக்கும் தேயிலை வாது, நூறு வயது மரம் மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். காட்டை மட்டும் ஒரு தட்டையான மட்டையில் எல்லை போட்டு, மரங்களைத் தனித்தனியாகக் கழற்றும்படி வையுங்கள். சிப்பாய்கள் உள்ளே வரும்போது மரத்தை எடுத்துவிடலாம், காட்டின் எல்லை மேசையில் இருக்கும். இதை 1638 கன்னொறுவைச் சண்டையை விளையாடியபோதுதான் உணர்ந்தேன். இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் போர்த்துக்கேயப் படையை மகாவலிப் பக்கம் வளைத்துக்கொண்ட சண்டை. காடும் சரிவும் போதும், ஒரு கட்டிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆசையாகச் செய்த லயம் அன்று முழுக்க அலமாரியில் இருந்தது. அதனால் எந்தச் சண்டை என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை வைக்க வேண்டும் என்று தம்பிக்கு இன்னும் ஆசை. 60 மீட்டர் தொழிற்சாலை என்றால் மேசையில் 1 மீட்டர். கடைசியில் முகப்புச் சுவரை மட்டும் மூன்று மாடி ஜன்னலோடு வெட்டி, மேசை விளிம்பில் நிறுத்தியிருக்கிறோம். மீதித் தொழிற்சாலை மேசைக்கு வெளியே, சமையலறைப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்கிறோம்.